சர்க்கரை நோயுள்ள அப்பா ராத்திரி முழுக்கப் பயப்படுகிறார், என்ன சொல்லித் தேற்றுவது?

சொல்லித் தேற்ற முடியாது. "ஒண்ணுமில்லப்பா, தூங்குங்க" என்றுதான் உங்கள் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நானும் ஒன்றரை வருஷம் அதையேதான் சொன்னேன்.

என் அம்மாவுக்கு 72 வயது. இருபது வருஷ சர்க்கரை, இன்சுலின் போடுகிறாள். ஒரு விடியற்காலை சேலை நனைய வேர்த்து, பேச்சுக் குழறிக் கிடந்தாள். மெஷினில் பார்த்தால் சுகர் 48க்கு இறங்கியிருந்தது. நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீரை விழுங்க முடிந்தது, பிழைத்தாள்.

அன்றிலிருந்து ராத்திரிக்கு நாலு தடவை, "ஏட்டி, படபடன்னு வருதுட்டி, சுகர் இறங்கிட்டு" என்று எழுப்புவாள். குத்திப் பார்த்தால் 190, 210. இறங்கிவிடுமோ என்று எழும்போதெல்லாம் பிஸ்கட் தின்று, மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c டெஸ்ட் 10.2 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. விரல் நுனியெல்லாம் எள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள்.

சுகர் இறங்கினாலும் வேர்வை, நடுக்கம், படபடப்பு. பயந்தாலும் அதேதான். அவளுக்கு எப்படிப் பிரித்துத் தெரியும்? "எல்லாரும் தன்னையே பாக்கணும்னு பண்ணுதா" என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுகர் டாக்டரிடம் ராத்திரி எண்களை எழுதிய நோட்டைக் காட்டினேன். ராத்திரி டோஸைக் குறைத்தார். 70க்குக் கீழே போனால் மட்டும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார். அந்த மூன்று ஸ்பூனை அளந்து, டம்ளரில் போட்டு மூடி, கட்டில் பக்கத்திலேயே வைத்தேன். படுக்கும் முன் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்வாள். பிஸ்கட் அதோடு நின்றது.

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிப்போனேன். "மாத்திரைக்கு அடிமையாக்கிட்டியே" என்று கிளம்பி வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கொடுத்தது தூக்க மாத்திரை இல்லை, பதற்றத்துக்கான மாத்திரை. பலன் தெரியவே நாலு வாரம் ஆனது. நான் டாக்டரில்லை, உங்கள் அப்பாவுக்கு எது சரி என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். உடனே போக முடியாவிட்டால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இதற்கு நடுவில்தான் நவம்பர் வந்தது. என் அப்பா ரயில்வேயில் இருந்தவர், அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன். உயிரோடு இருப்பதை வருஷா வருஷம் காட்டும் லைஃப் சர்டிபிகேட்டுக்காக வங்கியில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து, குத்திக் குத்திக் காய்த்துப்போன விரலைக் கைரேகை மெஷின் ஏற்கவில்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். போனில் முகத்தைக் காட்டியே முடிக்கும் வசதி 2021லேயே வந்துவிட்டது. அங்கே ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது ராத்திரி ஒரே தடவைதான் எழுப்புகிறாள், மூன்று மணி வாக்கில். நான் குத்தி விடுகிறேன், எண்ணை அவளே வாசிக்கிறாள். "நூத்தி முப்பத்தெட்டு. போய்ப் படுட்டி."