தஞ்சாவூர்: ஒரு நாள் போதாது, அண்ணாந்து பார்த்தாலும் போதாது

"தஞ்சாவூரில் பெரிய கோயிலை விட்டால் வேறு என்ன இருக்கிறது, ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, இரண்டு நாள் வையுங்கள். நான் திருகோணமலை ஆள். போன வருடம் அம்மாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம், அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். உண்மையைச் சொன்னால் எங்கள் ஊரிலிருந்து கொழும்பு போய்ச் சேருவதுதான் பெரிய பயணம்.

பெரிய கோயிலை விட்டால் என்று கேட்டாலும் நான் அதிலிருந்துதான் தொடங்குவேன், ஏனென்றால் போகிற சனத்தில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. வாசலால் நுழைந்து, கருவறைக்கு மேல் எழும்பும் 216 அடி விமானத்தை அண்ணாந்து பார்த்து, நந்திக்கு முன்னால் படம் எடுத்து, "நிழலே தரையில் விழாதாம்" என்று பக்கத்தில் நிற்பவருக்கும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நிழல் நன்றாகவே விழும். பின்னேரம் அந்த நிழலில்தான் அம்மா கால் நீட்டி இருந்தார். நந்திகூட ராஜராஜன் வைத்தது இல்லை, நாயக்கர் காலத்தது.

அண்ணாந்தது போதும், குனிந்து பாருங்கள். விமானத்தின் அடிப்பக்கம் சுற்றிவர எழுத்து. 1010இல் முடிந்த கோயில். அதற்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று எழுதச் சொல்லும்போது ராஜராஜன், "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று தொடங்குகிறான். அக்கன் என்றால் குந்தவை. கலியாண வீட்டில் யார் என்ன தந்தது என்று கொப்பியில் எழுதுவோமே, அதைக் கல்லில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கோயிலில் ஆட வந்த 400 பெண்களின் பெயர், எந்த ஊர்க் கோயிலில் இருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்த வீட்டு வரிசையில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் இருக்கிறது.

இதில் எங்களுக்கு ஒரு சொந்தக் கதையும் உண்டு. அந்தக் கோயில் கல்வெட்டு ஒன்றில், ஈழத்து ஊர்கள் சிலவற்றிலிருந்து கோயிலுக்குச் சேர வேண்டிய நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் சொல்லப்படுகிற இடத்தில் கொட்டியாரம் என்ற பெயர் வருகிறது. கொட்டியாரம் எங்கள் குடாவுக்குத் தென்பக்கம், மூதூர் பக்கம். அம்மா பிறந்து வளர்ந்த இடம். நான் புத்தகத்தில் வாசித்து வைத்திருந்ததை அங்கே நின்று சொன்னதும் அம்மா நம்பவில்லை. "உண்மையாவோ? எங்கட நெல்லை வள்ளத்திலயோ ஏத்திக்கொண்டு வந்தவங்கள்?" அந்த வரி எந்தக் கல்லில் என்று ஒன்றரை மணித்தியாலம் தேடினேன். கிடைக்கவில்லை. சோழ எழுத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிகிறது, அதற்குள் வெயில் ஏறிவிட்டது. செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும், முற்றம் முழுக்கக் கல், பதினொரு மணிக்கு மேல் தோசைக்கல்தான். எனக்கு உள்ளங்காலில் கொப்புளம் வந்து அடுத்த நாள் முழுக்க நொண்டினேன். விடிந்ததும் போங்கள், இல்லாவிட்டால் நாலு மணிக்குப் பிறகு. உச்சி நேரத்தில் நடையும் சாத்திவிடுவார்கள்.

கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தார்கள். அதை எல்லாருக்கும் திறப்பதில்லை, பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

அடுத்த நாள் அரண்மனை. மைசூர் மாதிரி மினுங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். நாயக்கர் தொடங்கி மராட்டியர் கூட்டிக் கட்டியது. பாதி பழசு, பாதி அரசாங்க அலுவலகம் மாதிரி. ஆனால் உள்ளே கலைக்கூடத்தில் வெண்கலச் சிலைகள் இருக்கின்றன, எனக்கு முழுப் பயணமும் அதற்காகவே பெறும். திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளை வாகனச் சிவன் முன்னால் நில்லுங்கள். 1011இல் வார்த்தது. சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றி, ஒரு காலைக் குறுக்கே வைத்து, இடது... சரி, எந்தக் கை என்று நீங்களே போய்ப் பாருங்கள், ஒரு கையை மாட்டின் மேல் சாய்த்தபடி நிற்கிறார். மாடு இல்லை, தொலைந்துவிட்டது. வெறும் காற்றில் சாய்ந்துகொண்டு இவ்வளவு ஆறுதலாக ஒருவர் நிற்க முடியுமா என்று இருந்தது. இவையும் மண்ணுக்குள் கிடந்து எடுத்தவைதான். எங்கள் கோணேசர் கோயில் சிலைகளையும் 1950இல் நிலத்துக்குள் இருந்துதான் எடுத்தார்கள், அதனால் மாமி அந்த அறையை விட்டு வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

அரண்மனைக்குள் இருக்கிற சரஸ்வதி மகால் நூலகத்துக்கு நாங்கள் புதன்கிழமை போனோம், பூட்டியிருந்தது. வியாழன் திரும்பப் போனோம், கேட்டுவிட்டுப் போங்கள். ஓலைச்சுவடிகளோடு, மனித முகத்துக்குப் பக்கத்தில் அதே சாயலில் ஒரு விலங்கு முகம் வரைந்த படங்களும் இருக்கின்றன. ஆந்தை முகத்துக்காரர் ஒருவரைக் காட்டி மாமி எங்கள் உறவில் ஒருவர் பெயரைச் சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்தவை நிறைய. அவருடைய ஆசிரியர் சுவார்ட்சு பாதிரியாரின் மரணப் படுக்கையில் மன்னர் நிற்பதைச் செதுக்கிய சலவைக்கல் சிற்பம், பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் போதும். அரண்மனையில் ஒரு திமிங்கில எலும்புக்கூடும் உண்டு. எங்கள் திருகோணமலைக் கடலில் உயிரோடு பார்த்தவர்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

மூன்றாவது நாள் கிடைத்தால் தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய ஊர்களில் உள்ள சோழர் கோயில்கள். தாராசுரத்தை விடாதீர்கள், கூட்டமும் குறைவு.

அப்புறம், தலையாட்டிப் பொம்மை வாங்கினால் கைப்பையில் வையுங்கள். மாமி பெட்டிக்குள் புடவைக்கு நடுவில் வைத்தார், வீட்டில் திறந்தபோது தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். இப்போது தலை மட்டும் எங்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் இருக்கிறது.