ஊரிலிருந்து வரும் ஆயரைச் சந்தைக்கு அழைத்துப் போகிறவருக்கு

தம்பி, அடுத்த மாதம் வேலூரிலிருந்து உங்கள் சபைப் போதகரான ஆயர் ஜெர்மனிக்கு வருகிறார், இங்குள்ள ஆங்கிலச் சபை பணம் சேர்க்க நடத்தும் இலையுதிர்காலச் சந்தைக்கு அவரை அழைத்து வரச் சொல்கிறார்கள், அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். மாலை, பொன்னாடை, மேடை எதுவும் இருக்காது, அதை முன்னாலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆரம்பத்தில் சின்னதாக ஒரு ஜெபம் செய்யச் சொல்லலாம், சாயங்காலம் குலுக்கல் சீட்டு எடுக்கச் சொல்லலாம், நடுவில் அவரும் கூட்டத்தில் ஒருவர்தான்.

காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே வாழைத்தாரும் பூசணியும் சேவலும், இங்கே பழைய புத்தகம், கேக், கையால் பெயர் எழுதி ஒட்டிய ஜாம் பாட்டில், யாரோ வேண்டாமென்று கொடுத்த பீங்கான் கோப்பை. ஆனால் போட்ட விலைதான், பேரமும் இல்லை, ஏற்றிக் கேட்பதும் இல்லை. டோம்போலா என்று சீட்டு வாங்கிப் பரிசு பெறும் ஒரு மேசை இருக்கும், பெரும்பாலும் 0 அல்லது 5-இல் முடிகிற சீட்டுக்குத்தான் பரிசு. ஆயருக்கு ஒயின் பாட்டில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடட்டும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். உங்கள் வருமான வரியோடு அதில் 8 அல்லது 9 சதவீதம் சபை வரியாகப் பிடிக்கிறார்களே, அது ஜெர்மன் சபைகளுக்குப் போகிறது, இந்தச் சபைக்கு வராது. இந்தச் சபை ஆயரின் சம்பளம், குளிர்காலத்து ஹீட்டர் செலவு எல்லாம் காணிக்கையிலும் இப்படிச் சேரும் பணத்திலும்தான் ஓடுகிறது. அதனால் ஊரிலிருந்து வரும் உங்கள் ஆயர் ஒவ்வொரு மேசையிலும் ஒரு யூரோவுக்காவது ஏதாவது வாங்கட்டும், சில்லறையை நீங்கள் வைத்திருங்கள்.

முன்பு ஒரு தடவை ஆற்காட்டுப் பக்கத்து ஆயர் ஒருவர் வந்திருந்தார். நம் ஆட்கள் மரியாதைக்காக அவருக்கு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள், யாருமே கிட்டே போகவில்லை. மதியத்துக்கு மேல் அவரே எழுந்து, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தேநீர்க் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பாட்டியம்மாவிடம் துண்டை வாங்கித் துடைக்க ஆரம்பித்தார். அப்புறம்தான் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். ஒரு அம்மா, வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் படித்த நர்ஸ் ஒருவரைத் தெரியும் என்று தொடங்கி, கணவர் இறந்த பிறகு வீட்டில் தனியாக இருப்பது வரை சொல்லி அழுதுவிட்டார். ஆயர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முழுதும் கேட்டார். அன்றைய அவருடைய உண்மையான ஊழியம் அதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் ஆயரையும் உட்கார வைத்துவிடாதீர்கள்.

நீங்களும் வெறுங்கையோடு போகாதீர்கள். மசால்வடை போட்டால் நிச்சயம் விற்கும், காரத்தை மட்டும் பாதியாகக் குறையுங்கள், என்னென்ன போட்டீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள், அலர்ஜிக்குப் பயந்து எல்லோரும் கேட்பார்கள். மேசை மடக்கும் வரை இருங்கள், எனக்கு இங்கே முதல் சிநேகிதர்கள் கிடைத்தது அந்த நேரத்தில்தான்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் அவர் திருவிருந்து நடத்துவதாக இருந்தால், நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உலக ஆங்கிலிகன் சபைகளின் ஐக்கியத்தில் இருந்தாலும் இங்கே முன் அனுமதி வேண்டும். இப்போதே சபைக்கு எழுதிக் கேளுங்கள், அங்கியையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.