டிசி மட்டும் வாங்கிராதீய அண்ணாச்சி

ஒம்பதாப்புல மார்க் கம்மி, பத்தாவது ரிசல்ட் கெட்டுப்போவும், டிசி வாங்கிட்டு பிரைவேட்ல சேத்துருங்கன்னு ஹெச்எம் சொல்லுதாவன்னு எழுதிருக்கீய, படிச்சதும் வயிறு எரிஞ்சிட்டு. எதுலயும் கையெழுத்து போட்டுராதீய.

பையன் ஆறாப்புலேருந்து அரசுப் பள்ளிதான்னு சொல்லுதீய, இப்ப மாத்துனா இஞ்சினியரிங், மெடிக்கல் சீட்ல உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு போயிரும், காலேஜ் போனா மாசம் 1000 ரூவா வர்ற தமிழ்ப் புதல்வனும் கெடைக்காது, இத யாராச்சும் உங்கட்ட சொன்னாவளா?

நல்லா படிக்க பிள்ளை எப்படியும் படிச்சிரும், பிந்துன பிள்ளைய தூக்கி விடத்தான் ஹைஸ்கூலும் ஹெச்எம்மும் இருக்காவ, போர்டுல நூறு சதவீதம்னு எழுத இல்ல.

மொதல்ல பள்ளி மேலாண்மைக் குழுல பேசுங்க, அதுக்குத் தலைவரே ஒரு பெற்றோர்தான். கேக்கலன்னா பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417-க்கு போன் போடுங்க, திருநெல்வேலி முதன்மைக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல மனு எழுதிக் குடுத்து ரசீதும் வாங்கிக்கிடுங்க.

பத்தாவது பாஸுக்கு பாடத்துக்கு 35 மார்க் போதும், தப்புனாலும் அதே வருசம் துணைத்தேர்வு உண்டு, அது முடிச்சா பாலிடெக்னிக்கோ பேட்டை ஐடிஐயோ இருக்கு. பையன் எந்தப் பாடத்துல தடுமாறுதான்னு மட்டும் எழுதுங்க, கணக்குன்னா நானே சொல்லித்தாரேன்.