மதர்போர்டு கடிகாரமும் ஐந்தரை மணி நேரமும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் பசுந்தேயிலை கொள்முதல் கணக்கு பார்க்கிறேன். எடை போடும் கணினியின் கடிகாரம் 15-01-2025 காலை 9.40 என்று எழுதிய பதிவை யூனிக்ஸ் நேரமாக மாற்றி அனுப்பினால், தலைமை அலுவலகத் திரையில் மாலை 3.10 என்று வருகிறது. பனியில் மதர்போர்டு போய்விட்டது, மாற்றணும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டுப்போன கடிகாரம் இவ்வளவு ஒழுங்காக, சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பாது.

போர்டில் உள்ள கடிகாரச் சிப்பில் தேதியும் மணியும்தான் இருக்கும். எந்த ஊர் நேரம் என்று இருக்காது. விண்டோஸ் அதில் நம்மூர் நேரத்தை வைக்கும். யூனிக்ஸ் நேரமோ 1970 ஜனவரி 1 நள்ளிரவு முதல், உலகப் பொது நேரப்படி எண்ணும் நொடிகள். உங்கள் 9.40-ஐ அப்படியே மாற்றினால் 1736934000. நம் நேரம் ஐந்தரை மணி, அதாவது 19800 நொடி முந்தியது. அதைக் கழியுங்கள்: 1736914200. இதுதான் அனுப்ப வேண்டிய எண். வருடம் முழுக்க இதே கழித்தல்தான்.

ஒரே கணினியில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டமும் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. அது வழக்கமாகச் சிப்பில் பொது நேரத்தை எழுதிவிடும். அப்புறம் நீங்களும் கழித்தால் இரட்டைக் கழித்தல். அலுவலகத்தில் விடியற்காலை 4.10 என்று காட்டும். டார்ச் அடித்தா இலை எடை போட்டீர்கள் என்று கேட்பார்கள்! கணினியை அணைத்துப் போட்டு, எந்த சிஸ்டமும் ஏறுவதற்கு முன் பயாஸ் திரையை, அதாவது போர்டின் சொந்த அமைப்புத் திரையைப் பாருங்கள். அங்கே உங்கள் கைக்கடிகார நேரம் இருந்தால் கழியுங்கள். ஐந்தரை மணி பின்தங்கியிருந்தால் கழிக்காதீர்கள். 1984-இல் ஐபிஎம் ஏடி கணினியிலேயே இந்தச் சிப் வந்துவிட்டது. நாற்பது வருடமாகியும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிக்கவில்லை, கழித்துக் கூட்டுவது நம் தலையில்.

மெக்கானிக் விஷயத்துக்கு வருகிறேன். மலையில் எது கெட்டாலும் பழி பனி மேல். கடுங்குளிரில், சிப்புக்குத் துடிப்பு கொடுக்கும் படிகம் நாளுக்கு ஒரு நொடி போல மெதுவாகும், அவ்வளவுதான். கரண்ட் போய் வந்ததும் தேதி பழைய வருடத்துக்கு ஓடினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை. உங்கள் கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். அதற்கே புதுப் போர்டு விற்றுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய பதிவுகளைத் திருத்தும்போது மூல எண்ணை அழிக்க வேண்டாம். பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, கழித்த எண்ணை அதில் எழுதுங்கள்.