வேதத்தில் கணக்குப் பார்த்த பிஷப்

கேள்வி: மோசேயின் ஐந்து நூல்களைப் பற்றிச் சென்ற இதழில் நீங்கள் எழுதியதைப் படித்தேன். யூதர்கள் உயிராக மதிக்கும் வேதத்தில் வெளியாட்கள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாமா? அது நிந்தனை ஆகாதா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: 'கணக்கு' என்ற சொல்லை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. என் புத்தகங்களை விற்றுவரும் பதிப்பாளரிடம் அந்தச் சொல்லை எடுத்தால் உடனே காபி வரவழைப்பார். காபி வரும், கணக்கு வராது. 'உங்கள் புத்தகம் நன்றாகப் போகிறது' என்பார். எங்கே போகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அதனால் எந்த நூலிலாவது வரவு செலவை ஒழுங்காக எழுதியிருந்தால் எனக்குக் கண் கலங்கிவிடும்.

அந்த ஐந்து நூல்களில் ஒன்றான யாத்திராகமத்தின் 38-ஆம் அதிகாரம் அப்படிப்பட்டது. இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்துக்காக இருபது வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்கள் தலைக்கு அரைச் சேக்கல் வெள்ளி கொடுத்தார்கள். சேக்கலும் தாலந்தும் அந்தக் கால எடைகள். ஆட்கள் 6,03,550. வரவு 100 தாலந்தும் 1,775 சேக்கலும். தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று பெருக்கிப் பாருங்கள், இம்மியும் பிசகவில்லை. செலவும் இருக்கிறது. 100 தாலந்தில் கூடாரத்தைத் தாங்கும் 100 பாதங்களை, அதாவது அடிப்பீடங்களை, வார்த்தார்கள். மீதி வெள்ளி தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் போனது. மூவாயிரம் ஆண்டுப் பழைமை பேசும் நூல் தூண் கொக்கிக்குக் கணக்குக் காட்டுகிறது. நம் ஆட்கள் ராயல்டிக்குக் காட்ட மாட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். எண்ணாகமம் முதல் அதிகாரத்தில், கூடாரம் எழும்பி ஒரு மாதம் கழித்து இன்னொரு கணக்கெடுப்பு நடக்கிறது. அங்கேயும் 6,03,550. ஒரு தலை கூடவில்லை, ஒரு தலை குறையவில்லை. கணக்கு இவ்வளவு அழகாக இருந்தால்தான் ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அப்படித் துடைத்தவர்களில் ஒருவர் ஜான் வில்லியம் கோலென்ஸோ. யூதர் அல்லர்தான். ஆனால் அதே நூலைத் தம் வேதமாக ஓதியவர், தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் முதல் ஆங்கிலிகன் பிஷப். அதற்கு முன் ஹாரோ பள்ளியில் கணித ஆசிரியர். இங்கிலாந்துப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்திய எண்கணிதப் பாடநூல்கள் அவர் எழுதியவை. வேதத்தை ஜூலு மொழியில் பெயர்க்கும்போது, நோவாவின் வெள்ளக் கதையில், உடன் வேலை செய்த ஜூலுக்காரர் கேட்டுவிட்டார்: இதெல்லாம் உண்மையாகவே நடந்தது என்று நீங்கள் நம்புகிறீர்களா? பிஷப்பால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தேகத்தை 1862-இல் புத்தகமாக எழுதினார்.

அதில் போட்ட கணக்குகளைப் பாருங்கள். சபையார் எல்லாரும் கூடார வாசலில் கூடினார்கள் என்கிறது லேவியராகமம். கூடாரத்தின் அகலம் சுமார் 18 அடி. வரிசைக்கு ஒன்பது பேராக நெருக்கி நிறுத்தினாலும் ஆறு லட்சம் ஆண்களின் வால் ஏறக்குறைய 20 மைல் நீளும். கடைசி வரிசைக்காரர் மோசே பேசுவதைக் கேட்க மறுநாள் நடந்து வர வேண்டும். இன்னொன்று: முதற்பேறான ஆண்கள் 22,273 பேர் என்கிறது எண்ணாகமம். போருக்குத் தகுதியானவர்களை மட்டும் வகுத்தாலே ஒரு தலைச்சனுக்கு 27 பேர். சிறுவர்களையும் சேர்த்து, சராசரித் தாய்க்கு 42 மகன்கள் என்றார் கோலென்ஸோ. மகள்கள் தனி. அந்த அம்மாள் எல்லாரையும் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டு முடிப்பதற்குள் முதலில் வந்தவனுக்கு மறுபடியும் பசித்திருக்கும். வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்ததன் அவசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கேப் டவுன் பிஷப் கிரே 1863-இல் இவரைப் பதவி நீக்கினார். அந்த அதிகாரம் கிரேக்கு இல்லை என்று 1865-இல் லண்டனின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஜூலுக்களை மாற்றப் போனவரை ஒரு ஜூலு மாற்றிவிட்டார் என்று இங்கிலாந்தில் கேலி செய்தார்கள். கேள்வி கேட்ட மாணவரிடம் பொய் சொல்லாத வாத்தியாருக்கு வேறென்ன பாராட்டு வேண்டும்?

யூதர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? ஐந்தில் கடைசி நூலான உபாகமத்தில் மோசேயின் மரணத்தைச் சொல்லும் கடைசி எட்டு வசனங்களை மோசேயே எப்படி எழுதியிருப்பார் என்று, யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத்தில் ரபிகளே வாதிட்டார்கள். யோசுவா எழுதினார் என்றது ஒரு கட்சி. கடவுள் சொல்லச் சொல்ல மோசே அழுதுகொண்டே எழுதினார் என்றது இன்னொன்று. 12-ஆம் நூற்றாண்டில் யூத உரையாசிரியர் இபின் எஸ்ரா இதே சந்தேகத்தைத் தொட்டு, புரிந்தவர் வாயை மூடிக்கொள்வார் என்று குறிப்புக் காட்டி நகர்ந்தார். வாயை மூடாதவர் யூதராகப் பிறந்த தத்துவஞானி ஸ்பினோசா; ஐந்து நூல்களையும் எழுதியவர் மோசே அல்லர் என்றே சொன்னார். 1670-இல் அவர் அச்சிட்ட நூலில் ஆசிரியர் பெயரே இல்லை; ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டுவிட்டு ஹாம்பர்க் என்று ஊரை மாற்றிப் போட்டிருந்தார்கள். பதிப்பாளர்களைப் பற்றி நான் முன்பே சொன்னேன்.

என் பழைய எதிராளி ஒருவர் உண்டு. அவரும் வேதத்தில் கணக்குப் பார்ப்பவர். எபிரேய எழுத்துகளை இத்தனைக்கு ஒன்றாக எண்ணிக் கட்டம் போட்டு, உலகப் போர் முதல் நிலநடுக்கம் வரை எல்லாம் அங்கே ஒளிந்திருப்பதாக நோட்டு நோட்டாக அனுப்புவார். நடந்து முடிந்தவை மட்டும் எப்படி அகப்படுகின்றன, அடுத்த தேர்தலைச் சொல்லுங்களேன் என்று இந்தப் பக்கத்தில் கேட்டேன். சந்தாவை நிறுத்திவிட்டார். விடையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு கூட்டலுக்கு வரும் அவரைவிட, விடை கழுத்தை அறுக்கும் என்று தெரிந்தும் கூட்டிப் பார்த்த பிஷப்தான் வேதத்தை மதித்தவர். நிந்தனை யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எண்கள் வளர்வது பத்திரிகைக்காரனுக்குப் புதிதல்ல. சிறுவன் தாவீது கொன்றதாகச் சொல்லப்படும் ராட்சத வீரன் கோலியாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மரபான எபிரேயப் பிரதியில் அவன் ஆறு முழமும் ஒரு சாணும், அதாவது பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. சாக்கடலோரம் கும்ரானின் நான்காம் குகையில் 1952-இல் கிடைத்த, அவன் கதையைச் சொல்லும் சாமுவேல் நூலின் பழைய சுருளில் நான்கு முழமும் ஒரு சாணும்தான், ஏழடிகூட இல்லை. பழைய கிரேக்கப் பிரதிகளும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸும் நான்கு என்றே சொல்கிறார்கள். நல்ல உயரமான ஆள். கூடைப்பந்துக் குழுவில் இடம் கிடைக்கும், அவ்வளவே. படியெடுத்தவர் கையில் மூன்றடி வளர்ந்திருக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவனைக் கொன்றது தாவீதுதானா? சாமுவேல் இரண்டாம் புத்தகம் 21-ஆம் அதிகாரம், கோலியாத்தைக் கொன்றவன் பெத்லகேமைச் சேர்ந்த எல்க்கானான் என்கிறது. பின்னால் எழுதப்பட்ட வேத நூலான நாளாகமம், எல்க்கானான் கொன்றது கோலியாத்தின் சகோதரனை என்று சரிசெய்கிறது. கோலியாத்துக்கு ஓர் உடன்பிறப்பைக் கொடுத்துத் தாவீதின் மானத்தைக் காப்பாற்றிய அந்தக் கை மட்டும் கிடைத்தால், எங்கள் பிழைதிருத்தும் பிரிவுக்கு நாளைக்கே தலைவராக்கிவிடுவேன். ஆனால் தொகுத்தவர்கள் அவருக்கும் மேலே. திருத்தத்தையும் வைத்துக்கொண்டார்கள், திருத்த வேண்டியதையும் அடிக்காமல் விட்டுவிட்டார்கள். நானாக இருந்தால் இரண்டில் ஒன்றை வெட்டியிருப்பேன். எதை என்று அடுத்த வாரம் கேட்டு எழுதாதீர்கள்.