பழைய எஸ்டேட் கார் வளைவில் அலைகிறது, குட்டை ஸ்பிரிங் போடலாமா?

குட்டை ஸ்பிரிங்கை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் எஸ்டேட் கார், அதாவது பின்னால் சாமான் இடம் நீண்ட ஸ்டேஷன் வேகன், வளைவில் சாய்கிறது, குடும்பத்தோடு மலேசியாவின் கேமரன் மலை ஏறும்போது பின்பக்கம் அலைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு வால்வோ 850 எஸ்டேட்டும் இதையேதான் செய்தது. நான் இருப்பது தாப்பாவுக்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிற்றூரில். பெரிய சாலைக்கு வருவதற்குச் செம்மண் பாதையைக் கடக்க வேண்டும். குலை ஏற்றிய லோரிகள் அதை உழுதுபோட்டிருக்கும். அங்கே குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தினால் முதல் மழைக்கே அடிப்பாகம் தரையில் தேயும்.

எஸ்டேட் காரின் சிக்கல் பின்பக்கப் பாரத்தில்தான் இருக்கிறது. வாரநாளில் நான் ஒருவன் மட்டும் போகிறேன். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் கிளம்பினால் ஐந்து பேர், பால்குடங்கள், அன்னதானத்துக்கு இரண்டு மூட்டை அரிசி. இரண்டு நாளையும் ஒரே ஸ்பிரிங்தான் தாங்க வேண்டும். 1994-இல் பிரிட்டனின் டூரிங் கார் பந்தயத்தில் இதே 850 எஸ்டேட்டை ஓட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நானும் மயங்கியிருக்கிறேன். ஆனால் அது ஓட்டுநர் ஒருவருக்காக, பந்தயத் தளத்துக்காகக் கட்டிய கார். நம்முடையதை, நிறைய ஆட்கள் ஏறும் நாளை மனத்தில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். ஸ்பிரிங்கின் ஆட்டத்தைத் தணிக்கும் பின் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. ஒரு பட்டறையில் புதிதாக, விலை மலிவான சாதாரண அப்சார்பரைப் போட்டுக் கொடுத்தார்கள். வெறும் காரை ஓட்டியபோதே பின்பக்கம் சற்றுத் தணிந்திருந்தது, நான் பொருட்படுத்தவில்லை. அடுத்த வாரம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மாலையில் கேமரன் மலைப்பாதையில் ரிங்லெட் பக்கம் ஏறினோம். முகப்பு விளக்கு சாலையில் விழவில்லை, எதிரே இருந்த மூங்கில் புதரின் உச்சியில் விழுந்தது. ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் சுழன்றது. முன்சக்கரம் இழுக்கும் காரில் பின்பக்கம் அமுங்கினால் முன்சக்கரங்களின் பிடி குறைகிறது. மழை வேறு. பின்னிருக்கையில் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். அந்த மௌனத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. எங்கள் காரில் முதலில் இருந்தவை நிவோமேட் என்னும் அப்சார்பர்கள். சாலையின் குலுக்கலையே பம்பாகப் பயன்படுத்தி, பாரம் ஏறிய கார் கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் பின்பக்கத்தை மட்டத்துக்குத் தூக்கிவிடும். பாரத்தில் ஒரு பங்கை அப்சார்பரே சுமப்பதால், கூடவரும் ஸ்பிரிங்கை மெல்லியதாகச் செய்திருப்பார்கள். அப்சார்பரை மட்டும் சாதாரண வகைக்கு மாற்றினால் அந்த மெல்லிய ஸ்பிரிங் தனியாகச் சுமக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். மாற்றுவதானால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது மறுபடியும் நிவோமேட்டே போட வேண்டும். அதன் உடல் வழக்கத்தைவிடத் தடிமனாக இருக்கும். குனிந்து பார்த்தாலே அடையாளம் தெரியும். நான் எஸ்டேட்டுக்குரிய தடித்த ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற அப்சார்பரையும் போட்டேன்.

அப்போதும் அலைச்சல் முழுதாகப் போகவில்லை. மிச்சம் ரப்பரில் இருந்தது. சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் ஆர்ம்களின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறையைத்தான் புஷ் என்கிறோம். முன் ஆர்ம் புஷ், அப்சார்பர் மேல் மவுண்டிங், பின்பக்க ஆர்ம் புஷ் எல்லாம் அந்தக் காரோடு பிறந்தவை. கழற்றிய புஷ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா முப்பது ஆண்டுகள் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். அதைக் கையில் வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். கறுப்புத் துகள் நகக்கண்ணில் ஒட்டியது. “செத்த ரப்பர். இது எதைத் தாங்கும்?” என்று கேட்டார். எனக்கு அது போதுமான பரிசோதனையாக இருந்தது.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்னும் விறைப்பான செயற்கைப் பொருளில் செய்த புஷ் போடச் சொல்லிப் பலர் சொல்வார்கள். வளைவில் பதில் விறைப்பாக வரும் என்பது உண்மை. ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் இருக்கைக்கு வரும். கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். ஓயாமல் முறுக்கியும் நீட்டியும் எளிதில் விரிசல் விடாத குணம் இயற்கை ரப்பருக்கு உண்டு. குடும்பக் காருக்கு நான் ரப்பரையே சொல்வேன்.

புஷ் மாற்றும்போது பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள். கார் தூக்கியிருக்கும்போதே போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கிவிடுகிறார்கள். பிறகு கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே எப்போதும் நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். சக்கரத்தில் காரின் எடை இறங்கிய பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள், நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். வேலை முடிந்ததும் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

சாய்வு இன்னும் மிச்சமிருந்தால் இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைத் தடித்ததாகப் போடுவது நல்ல வழிதான். பின்பக்கத்துக்கு மட்டும் மிகத் தடித்ததாகப் போடாதீர்கள். ஈரச் சாலை வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். டயர் காற்றையும் கவனியுங்கள். ஆள் நிறைந்தால் எவ்வளவு வைக்க வேண்டும் என்று காரிலுள்ள ஒட்டியில் தனியாகப் போட்டிருக்கும்.

பணம் செலவழிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள். அந்த இரண்டு அளவையும், பின் அப்சார்பர் எந்த வகை என்பதையும் எழுதுங்கள்; எந்த ஸ்பிரிங் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.