வெள்ளம் தாங்கும் மண்கரைகள்: வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலம் நெருங்குவதால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏரிக்கரை, உபரிநீர், வெள்ளம் ஆகியவற்றைப் பற்றியே இருந்தன. ஒன்றோடொன்று தொடர்புடைய ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் வசிக்கும் என் மகள், வயல்வெளிக்கு நடுவே புல் மூடிய மண்கரை ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னாள். அது வெள்ளத்தடுப்பு அணையாம். ஆனால் அதன் பின்னால் குட்டை அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கிறதாம். தண்ணீர் தேங்காத அணையால் என்ன பயன்?
– வாசகி, மாதவரம்

பதில்: அந்த அணை காலியாக இருப்பதே அதன் பயன். நம் ஏரிகள் தண்ணீரைச் சேமிப்பதற்காகக் கட்டப்பட்டவை. உங்கள் மகள் பார்த்தது, வெள்ளம் வரும் சில மணி நேரத்துக்கு அதற்கு இடம் கொடுப்பதற்காகக் கட்டப்பட்டது. அங்கே வாஷிட்டா ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், கார்டெல் என்னும் ஊருக்கு அருகே 1948-இல் இவ்வகையில் முதல் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1954-இல் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. இன்று அந்நாடு முழுவதும் இத்தகைய சிறு அணைகள் 11,000-க்கு மேல் இருக்கின்றன.

அதன் அமைப்பு எளியது. ஓடையின் குறுக்கே மண்கரை. கரையின் அடியில் ஒரு குழாய். குழாயின் உள்முனையில் நீருக்கு மேலே தலைகாட்டி நிற்கும் கான்கிரீட் கோபுரம். கோபுரத்தில் உள்ள திறப்புக்கு மேல் நீர் ஏறினால் அது தானாகவே குழாயில் இறங்கி வெளியேறிவிடும். திறந்து மூடும் ஷட்டர் கிடையாது என்பதால், நள்ளிரவில் மழை கொட்டினாலும் ஆள் ஓடிவர வேண்டியதில்லை. திறப்புக்குக் கீழே நிற்கும் நீர்தான் உங்கள் மகள் பார்த்த குட்டை. வண்டல் படிவதற்கென்றே, பெரும்பாலும் 50 ஆண்டு வண்டலைக் கணக்கிட்டு, அந்த இடத்தை விட்டிருப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து சதுர கிலோமீட்டர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் பாதி ஓடையில் வந்து சேர்கிறது என்று கொண்டால், அது ஏறத்தாழ 88 லட்சம் கன அடி நீர். அணை இல்லாவிட்டால் அவ்வளவும் நான்கு மணி நேரத்தில் கீழே உள்ள ஊருக்குள் பாயக்கூடும். அதாவது விநாடிக்குச் சுமார் 600 கன அடி. அதே நீரை மண்கரை பிடித்துவைத்து 10 நாட்களில் குழாய் வழியாக விட்டால், சராசரியாக விநாடிக்கு 10 கன அடிதான் போகும். பெய்த மழையில் ஒரு துளியும் குறையவில்லை; ஓடையின் கரைக்குள் அடங்கிப் போகும் அளவுக்கு அதன் வேகம் மட்டுமே குறைந்திருக்கிறது.

கேள்வி: ஏரி முழுதும் நிரம்புவதற்கு முன்பே புழலிலிருந்து உபரிநீரைத் திறந்துவிடுகிறார்கள். 2019 கோடையில் குடத்தோடு தெருவில் நின்றவர்கள் நாங்கள். குடிக்கிற தண்ணீரைக் கடலுக்கு அனுப்புவது நியாயமா?
– வாசகர், கொசப்பூர்

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. அந்தக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்ததை யாரும் மறந்துவிடவில்லை. ஆயினும் திறப்பதே சரி என்பது எங்கள் கருத்து. புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. மேலே விளக்கிய அணையைப் போல வெள்ளத்துக்கென்று தனி இடம் ஒதுக்கி இது கட்டப்படவில்லை; குடிநீருக்காக நிரப்பி வைப்பதே இதன் வேலை. ஆகவே, வெள்ளத்துக்கு இடம் வேண்டுமானால் அதை நீரைத் திறந்துதான் உண்டாக்க வேண்டும். விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் நீர் வந்தால் 86.4 மில்லியன் கன அடி சேரும். கனமழையில் வரத்து இதைப் போலப் பல மடங்காகும்போது, விளிம்பு வரை நிரம்பிய ஏரியில் வருவதையெல்லாம் அப்படியே வெளியேற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்த நீர் வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், உங்கள் கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் வழியாகத்தான் எண்ணூருக்குப் போக வேண்டும். முன்கூட்டியே சில நூறு கன அடியாகத் திறப்பது அந்த நிலையைத் தவிர்ப்பதற்காகத்தான்.

எப்போது, எவ்வளவு திறக்கப் போகிறார்கள் என்பதைக் கால்வாய்க்கரை மக்கள் வீடு பூட்டிச் சாமான்களை மேலே ஏற்றுவதற்கு நேரம் இருக்கும்படி சொல்ல வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் விடாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி: சிமென்ட் இல்லாத வெறும் மண்கரை அவ்வளவு தண்ணீரை எப்படித் தாங்குகிறது? எந்த நேரத்தில் பயப்பட வேண்டும்?
– கல்லூரி மாணவர், காவாங்கரை

பதில்: மண்கரை தன் எடையால்தான் நிற்கிறது. அதனால்தான் அடிப்பகுதி அவ்வளவு அகலமாகவும் இருபுறமும் சரிவாகவும் இருக்கும். மண்ணை மொத்தமாகக் கொட்டிவிடாமல், அரை அடி முக்கால் அடி கனத்துக்குப் பரப்பி, அளவாக ஈரம் காட்டி, உருளையால் இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கைப் போடுவார்கள். ஈரம் குறைந்தாலும் மண் இறுகாது, கூடினாலும் இறுகாது. நீர் எளிதில் புகாத களிமண்ணைக் கரையின் நடுவில் வைப்பதும், அஸ்திவாரத்தில் பள்ளம் வெட்டி அதிலும் களிமண்ணை நிரப்புவதும் உண்டு. நீர்ப்பக்கச் சரிவில் அலை அரிக்காமலிருக்கக் கல் பதிப்பார்கள்; வெளிச்சரிவைப் புல் காக்கும்.

இவ்வளவு செய்தாலும் மண்கரையில் கொஞ்சம் நீர் கசிந்துகொண்டேதான் இருக்கும். அது இயல்பு. கரையின் வெளிப்புற அடிவாரத்தில் மணலும் ஜல்லியும் அடுக்கிய வடிகட்டி வைப்பது, அந்த நீர் மண்ணை இழுத்துக்கொள்ளாமல் வெளியேறுவதற்காகத்தான். எனவே கசிவைக் கண்டவுடன் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த நீராகவும் ஒரே அளவாகவும் வந்தால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கலாகவோ, நேரம் ஆக ஆக வேகம் கூடியோ வந்தால், கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். உள்ளே துளை வளர்கிறது. அடிவாரத் தரையில் மணல் வட்டமாகக் குமிந்து, அதன் நடுவில் நீர் குமிழியிட்டாலும் அதே ஆபத்துதான். உடனே நீர்வளத் துறைக்கும் வருவாய்த் துறைக்கும் தகவல் சொல்லிவிட்டு, தாழ்வான இடத்தில் உள்ளவர்களை அப்புறப்படுத்த வேண்டும். அந்த ஊற்றின்மேல் நேராக மூட்டை போட்டு அடைத்தால், நீர் வேறோர் இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே நீர்மட்டத்தை உயரவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வழியவிடுவதே முறை. 1976-இல் அமெரிக்காவின் டீட்டன் அணை முதல் நிரப்பலின்போதே இப்படிப்பட்ட உள்ளரிப்பால் உடைந்தது.

இன்னொரு ஆபத்து நீர் கரையைத் தாண்டி வழிவது. கல் அணையின்மேல் நீர் வழிந்தால் சிறிது நேரம் தாங்கும். மண்கரை தாங்காது, வெளிச்சரிவு அரித்துச் சில மணி நேரத்தில் உடைப்பு விழும். குஜராத்தில் மச்சு-2 அணை 1979 ஆகஸ்ட் 11 அன்றும், ஆந்திராவில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை 2021 நவம்பர் 19 அன்றும் இப்படித்தான் போயின. ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழிந்தோடுவதற்கென்று கரையில் அமைத்த கலங்கலை மறித்துக் குப்பை கொட்டுவதும், கூடுதல் நீர் நிற்கட்டும் என்று அதன்மேல் மூட்டை அடுக்குவதும் எவ்வளவு கொடிய செயல்கள் என்பதை இதிலிருந்து உணரலாம்.

கேள்வி: கரையில் மரம் வளர்த்தால் மண் இறுகும் என்கிறார்களே?
– செங்குன்றம் வாசகர்

பதில்: மண்கரைக்குப் புல்தான் நல்லது. பெரிய மரத்தின் வேர் பட்டுப்போய் மக்கினால் அது இருந்த இடம் நீருக்கு வழியாகிவிடும். புயலில் மரம் சாய்ந்தால் கரையில் ஒரு பள்ளத்தையே பெயர்த்துக்கொண்டு விழும். சீமைக் கருவேலம் மண்டிய கரையில் எலிவளையும் கசிவும் கண்ணுக்குத் தெரியாது என்பது கூடுதல் கேடு. வளர்ந்துவிட்ட பெரிய மரத்தை மேலோடு வெட்டிவிட்டு வேரை அப்படியே விடுவதும் தவறு. வேரைத் தோண்டியெடுத்து, அந்தக் குழியை நல்ல மண்ணால் அடுக்கடுக்காக இறுக்கி மூட வேண்டும்.

கேள்வி: கொசஸ்தலையாற்றின் மேற்பகுதியில் அமெரிக்காவைப் போலச் சிறு மண் அணைகள் கட்டினால் எங்கள் பகுதி மூழ்காமல் தப்புமா?
– மணலியிலிருந்து ஒரு குடும்பத்தலைவி

பதில்: ஓரளவுக்கு உதவும், முழுதும் தப்ப முடியாது. சிறு அணை தனக்கு மேலே பெய்த மழையை மட்டுமே பிடிக்கும். மணலியிலும் மாதவரத்திலும் பெய்து தெருவில் தேங்கும் நீருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மேலும், புதிதாகக் கட்டுவதற்கு முன் இருப்பதைப் பார்க்க வேண்டும். சுமார் 136 கிலோமீட்டர் ஓடிவரும் இந்த ஆற்றின் படுகையில், இராணிப்பேட்டை, திருவள்ளூர் மாவட்டங்களில், ஒன்றின் கலங்கல் நீர் அடுத்ததற்குப் போகும்படி வரிசையாக அமைந்த ஏரிகள் ஏற்கெனவே ஏராளம். வெள்ளத்தைத் தாமதப்படுத்தும் வேலையை அவையும் செய்துவந்தன. ஒரு ஏரியில் ஒரு ஹெக்டேர் பரப்பை ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தூர்வாரினால் மூன்றரை லட்சம் கன அடிக்கு இடம் கிடைக்கும். ஆனால் அந்த இடமும் மழைக்கு முன் காலியாக இருந்தால்தான் வெள்ளத்துக்கு உதவும். வரிசையில் மேலே உள்ள ஒரு கரை உடைந்தால் அந்த நீரெல்லாம் கீழ் ஏரியின்மேல் பாயும் என்பதால், தூர்வாரும்போதே கரையையும் கலங்கலையும் பலப்படுத்தியாக வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும், ஆறு கடைசியில் எண்ணூர் முகத்துவாரத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே மணல் மேடிட்டும், ஆற்றின் உப்பங்கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தும் இருப்பதால் நீர் செல்லும் இடம் சுருங்கியிருக்கிறது. கடல் ஏற்றத்தின்போது நீர் வடியாமல் எதிர்த்து நிற்பதை எண்ணூர் மீனவர்கள் நன்கு அறிவார்கள். உங்கள் பகுதிக் கூட்டங்களில் மேல்பகுதி ஏரிகளைப் பற்றிப் பேசும்போது, அந்த முகத்துவாரத்தை மழைக்கு முன்பே ஆழப்படுத்த வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுதிக் கொடுங்கள்.